கையெழுத்துக்கு மேல் கையெழுத்து

வளைகுடா நாடு ஒன்றுக்கு வேலைக்குப் போகிறவரின் பட்டச் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். மாநிலத் தலைமைச் செயலகத்தின் துறை முத்திரை ஒன்று, இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை ஒன்று, டெல்லியிலோ வேறு நகரிலோ உள்ள அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை ஒன்று, போய்ச் சேர்ந்தபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை இன்னொன்று. ‘அட்டெஸ்டேஷன்’ என்ற ஒரே சொல்லில் நம் மக்கள் அடக்கிவிடும் இந்த வேலைக்கு வாரங்கள் ஆகும், பணமும் ஆகும். இதை முடித்துத் தருவதற்கென்றே ஏஜென்ட்டுகள் கடை வைத்திருக்கிறார்கள். இத்தனை முத்திரைகளும் சேர்ந்து அந்த மனிதர் படித்துப் பட்டம் பெற்றார் என்று சாட்சி சொல்வதாகவே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். உண்மையில் தூதரக முத்திரை வெளியுறவு அமைச்சகத்தின் கையெழுத்துக்குச் சாட்சி. அமைச்சக முத்திரை மாநில அதிகாரியின் கையெழுத்துக்குச் சாட்சி. மேலே போகப் போக, ஒவ்வொருவரும் தமக்குக் கீழே கையெழுத்திட்டவரை மட்டுமே அறிவார்கள். இந்த அடுக்கின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்று தெளிவாகும்: பொய்ச் சான்றிதழைப் பிடிப்பதற்காக இது உருவாகவே இல்லை. தூரதேசத்துக் கையெழுத்தை அடையாளம் காண வழியில்லாத காலத்தில், வேறு வழியின்றிச் செய்துகொண்ட ஏற்பாடு இது. அந்த இயலாமை பெரும்பாலும் தீர்ந்த பிறகும் ஏற்பாடு மட்டும் நிலைத்துவிட்டது. அதன் செலவையும் காத்திருப்பையும், தாளைக் கையில் வைத்திருக்கும் சாதாரண மனிதர் சுமக்கிறார்.

ஒரே ஆவணத்தில் பலர் கையெழுத்திடும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதல்ல. முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்தான். அந்த விகாரத்தை எடுப்பித்தவர்கள் கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசர்கள். கொடையைப் பதிவுசெய்த 21 செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் அந்தப் பெயராலேயே அறியப்படுகின்றன. அரசன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுபவர் எழுதுகிறார். ஓலைநாயகம் பார்த்து ஒப்புகிறார். வரித்துறைக் கணக்கர்கள் தத்தம் பொத்தகத்தில் பதிகிறார்கள். நாட்டார் பெண்யானையை நடத்தி ஊரெல்லையைச் சுற்றி வந்து அறவோலை தருகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் நீண்ட சங்கிலிதான். ஆனால் இங்கே கையெழுத்திட்ட ஒவ்வொருவரும் தாம் செய்த வேறொரு செயலுக்குப் பொறுப்பேற்கிறார்: கேட்டவர் கேட்டதற்கு, எழுதியவர் எழுதியதற்கு, வரிக் கணக்கில் பதிந்தவர் பதிந்ததற்கு, எல்லை நடந்தவர் நடந்ததற்கு. அவர்கள் எல்லோரும் ஒரே அரசின் கீழ் இருந்தவர்கள். ஐயம் வந்தால் ஆளைக் கேட்கலாம், பொத்தகத்தைப் புரட்டலாம். கையெழுத்துகள் கூடக் கூடக் கொடையைப் பற்றிய செய்தியும் கூடியது. வெளிநாட்டுச் சான்றொப்பத்தில் இது நடப்பதில்லை. கடைசி முத்திரை விழும்போதும் ஆவணத்தின் பொருளைப் பற்றி முதல் முத்திரைக்கு மேல் எதுவும் தெரிய வருவதில்லை.

நாம் இன்று காணும் முறை ஐரோப்பாவில் வளர்ந்தது. இடைக்கால இத்தாலிய நகரங்களில் நோட்டரி எழுதிய பத்திரம் நீதிமன்றத்தில் தானே சான்றாக நின்றது. பத்திரம் அடுத்த நகரத்துக்குப் போனால்தான் சிக்கல். அங்கிருந்த நீதிபதிக்கு அந்த நோட்டரி யாரென்றே தெரியாது. ஆகவே சொந்த நகரத்து ஆட்சியாளர்களோ சக நோட்டரிகளோ ‘இவர் உண்மையான நோட்டரிதான்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினார்கள். கடல் வணிகம் பெருகியபோது இந்த வேலை கான்சல்களின் கைக்கு வந்தது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் காலத்தில், அவருடைய அமைச்சர் கோல்பேரின் முயற்சியால் 1681 ஆகஸ்டில் வெளியான கடல்சார் ஆணைச் சட்டம், கான்சல் இருக்கும் வெளிநாட்டில் எழுதப்பட்ட எந்த ஆவணமும் அவருடைய சான்றொப்பம் இல்லாமல் பிரான்ஸில் செல்லாது என்று விதித்தது. அந்தக் காலத்துக்கு அது நியாயமான விதிதான். கிழக்கு மத்தியதரைக்கடல் துறைமுகம் ஒன்றில் ஆண்டுக்கணக்காகக் குடியிருந்த கான்சலுக்கு அங்குள்ள எழுத்தர்களையும் வணிகர்களையும் நேரில் தெரியும். அவருடைய முத்திரைக்குப் பின்னால் ஒரு மனிதர் இன்னொரு மனிதரை அறிந்த அறிவு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசாங்கங்கள் பெருத்தன, பதிவு அலுவலகங்கள் ஆயிரக்கணக்கில் முளைத்தன, மக்கள் லட்சக்கணக்கில் கடல் கடந்தார்கள். தலைநகரில் உட்கார்ந்திருந்த கான்சலுக்கு ஏதோ ஒரு சிற்றூர்ப் பதிவாளரைத் தெரிய வழியில்லை. அதனால் அவர் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையைக் கேட்டார்; அமைச்சகம் உள்துறையின் முத்திரையைக் கேட்டது; உள்துறை மாவட்ட அதிகாரியைக் காட்டியது. நேரடி அறிவு குறையக் குறையச் சங்கிலி பின்னோக்கி நீண்டது. கட்டணமும் ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. பல நாடுகளின் கான்சல்கள் நெடுங்காலம் சம்பளத்துக்குப் பதிலாக இத்தகைய கட்டணங்களில்தான் பிழைத்தார்கள். அமெரிக்கா தன் கான்சல்களைச் சம்பளத்துக்கு மாற்றிக் கட்டணங்களைக் கருவூலத்தில் சேர்க்கச் சொன்னது 1906-ல்தான்.

ஆங்கிலேயர் ஆண்ட சென்னையில் நிலைமை சற்று வேறாக இருந்தது. இங்கே முழு அதிகாரமுள்ள நோட்டரியாக விரும்பியவர் தம் நியமனத்தை இங்கிலாந்தில் கேண்டர்பரி பேராயரின் கீழிருந்த அலுவலகத்திலிருந்து பெற வேண்டியிருந்தது. எட்டாம் ஹென்றி போப்பாண்டவரிடமிருந்து பறித்துப் பேராயரிடம் கொடுத்த அதிகாரம் அது. இந்தியா குடியரசான பிறகும் இது தொடர்ந்தது பொருத்தமற்றது என்பதாலேயே 1952-ல் நோட்டரிகள் சட்டம் இயற்றப்பட்டது; 1956-ல் நடைமுறைக்கு வந்தது. 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் இரண்டு பிரிவுகளை அருகருகே வைத்துப் படித்தால் அந்தக் காலத்து மனப்போக்கு விளங்கும். இங்கிலாந்து அல்லது அயர்லாந்து நீதிமன்றத்தில் முத்திரையையும் கையெழுத்தையும் மெய்ப்பிக்காமலே ஏற்கப்படும் ஆவணத்தை இந்திய நீதிமன்றமும் உண்மை என்றே கொள்ள வேண்டும் என்றது 82-ஆம் பிரிவு. பிற நாட்டுப் பொது ஆவணத்தின் நகல் என்றால், 78-ஆம் பிரிவின் ஆறாம் உட்பிரிவுப்படி, அதைப் பாதுகாக்கும் அதிகாரியின் சான்று வேண்டியிருந்தது, அதற்கு மேல் நோட்டரியின் அல்லது கான்சலின் முத்திரை வேண்டியிருந்தது, அந்நாட்டுச் சட்டப்படி அந்த ஆவணம் எத்தன்மையது என்பதையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. லண்டன் ஆறாயிரம் கடல் மைலுக்கு அப்பால் இருந்தது. புதுச்சேரியோ ஒருநாள் பயணத்தில் இருந்தது. ஆனாலும் சென்னை நீதிமன்றத்துக்கு லண்டன் தாள் உள்நாட்டுத் தாளுக்குச் சமம், புதுச்சேரித் தாள் வெளிநாட்டுத் தாள். நம்பிக்கை எந்தக் கொடி பறக்கிறது என்பதைப் பார்த்து அமைந்தது. தாளை எவ்வளவு எளிதாகச் சரிபார்க்கலாம் என்பது கணக்கிலேயே வரவில்லை.

இந்தக் கொடிக் கணக்கை நேரடியாகச் சந்தித்தவர்கள் கடல் கடந்து தொழில் செய்த நகரத்தார்கள். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, சைகோன் என்று பரவியிருந்த அவர்களுடைய கடைகள் முதலாளி ஊரில் இருக்க, முகவர் அக்கரையில் நடத்தும் முறையில் இயங்கின. முகவரின் அதிகாரம் முழுவதும் முதலாளி எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தில் இருந்தது. கடன் கொடுக்க, வாங்க, நிலத்தை ஈடு பிடிக்க, வழக்குத் தொடுக்க, எல்லாவற்றுக்கும் அந்தத் தாள்தான் ஆதாரம். பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணமாக இருந்தவரை, 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவுப்படி முதலாளி தம் ஊர்ச் சார்பதிவாளர் முன்னிலையில் எழுதிக் கொடுத்த பவர், பர்மாவின் பதிவு அலுவலகத்திலும் அதே சட்டத்தின் கீழ் செல்லுபடியானது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோன் அப்போதும் வெளிநாடு. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அந்தக் கட்டத்தில் நகரத்தார்களின் பெயரில் இருந்தது. சார்பதிவாளர் மாறவில்லை, அவருடைய பதிவேடு மாறவில்லை, அதில் எழுதியிருந்த எழுத்தும் மாறவில்லை. அவருடைய முத்திரை மட்டும் சட்டத்தின் பார்வையில் வேறோர் ஆட்சியின் முத்திரையாகிவிட்டது. ஓர் ஆவணத்தை வெளிநாட்டு ஆவணமாக்குவது அதன் நம்பகத்தன்மையில் உள்ள குறை என்று வாதிடுகிறவர்கள் இந்த ஒரு தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவிலேயே இந்த முறை தாங்க முடியாத சுமையாயிற்று. ஐரோப்பிய கவுன்சில் கேட்டுக்கொண்டதன் பேரில், தனிநபர் சர்வதேசச் சட்டத்துக்கான ஹேக் மாநாடு 1960 அக்டோபரில் கூடிய தன் ஒன்பதாவது அமர்வில் இதை எடுத்துக்கொண்டது. எந்தச் சடங்கும் இல்லாமல் வெளிநாட்டு ஆவணத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம் என்பது ஒரு யோசனை. பொது ஆவணத்துக்குத் தனி மதிப்புக் கொடுக்கும் ஐரோப்பியக் கண்டத்து நாடுகளுக்கு அது போதவில்லை. கையெழுத்து உண்மையானது என்று யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்றன. சமரசமாகப் பிறந்ததுதான் 1961 அக்டோபர் 5 தேதியிட்ட உடன்படிக்கை. பிரான்ஸ் ஏற்புறுதி செய்ததும் 1965 ஜனவரி 24 அன்று நடைமுறைக்கு வந்தது. சங்கிலி முழுவதுக்கும் பதிலாக ஒரே ஒரு சான்று, ஆவணம் பிறந்த நாட்டின் அதிகார அமைப்பே தருவது. அதுதான் அப்போஸ்டில். பக்கம் 9 சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரம், பத்து எண்ணிட்ட வரிகள், தலைப்பு எந்த நாட்டிலும் பிரெஞ்சு மொழியில். எந்த நாட்டு எழுத்தருக்கும் பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக வடிவத்தைக்கூட இவ்வளவு இறுக்கமாக விதித்தார்கள். உறுப்பு நாடுகளின் தூதரகங்கள் இனி இந்த வேலையைச் செய்யாமல் தடுக்க வேண்டும் என்று ஒன்பதாம் உறுப்பு அரசுகளைக் கட்டாயப்படுத்தியது.

இந்த உடன்படிக்கையின் பெருமை வேகத்தில் மட்டும் இருக்கிறது என்று எண்ணுவது அதைக் குறைத்து மதிப்பிடுவது. அதன் உண்மையான சாதனை, சான்றொப்பத்தின் எல்லையை முதல்முறையாகத் தெளிவாக எழுதியது. கையெழுத்து உண்மையானது, கையெழுத்திட்டவர் இன்ன பதவியில் இருந்தார், முத்திரை இருந்தால் அது இன்னாருடையது: அப்போஸ்டில் சொல்வது இந்த மூன்றைத்தான். ஆவணத்தின் உள்ளடக்கம் உண்மை என்று அது எங்கும் சொல்வதில்லை. பழைய சங்கிலியும் அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. ஆனால் அடுக்கடுக்கான சின்னங்களைப் பார்க்கிறவருக்கு ஏதோ பெரிய விசாரணை நடந்ததுபோன்ற எண்ணத்தைக் கொடுத்தது. இன்னொரு முக்கியமான ஏற்பாடு ஏழாம் உறுப்பில் இருக்கிறது. சான்று தரும் அமைப்பு ஒவ்வொரு சான்றையும் எண், தேதி, கையெழுத்திட்டவர் பெயர், பதவி ஆகியவற்றோடு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அக்கறையுள்ள யார் கேட்டாலும் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். தாளில் உள்ள முத்திரையை உற்றுப் பார்ப்பதற்குப் பதிலாக, அதைத் தந்த இடத்தைக் கேட்கும் வழி இப்படித் திறந்தது. 2006-ல் ஹேக் மாநாடு தொடங்கிய மின்னணுத் திட்டத்தில் இந்தப் பதிவேடு இணையத்துக்கு வந்தது. பல நாடுகளின் அப்போஸ்டிலை இன்று மேசையை விட்டு எழாமலே சரிபார்க்கலாம்.

இந்தியா 2004 அக்டோபரில் உடன்படிக்கையில் சேர்ந்தது. 2005 ஜூலை 14 முதல் அது இந்தியாவுக்குப் பொருந்தியது. சேரும் நாட்டின் ஆவணங்களை ஏற்க மனமில்லாத உறுப்பு நாடு எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்று பன்னிரண்டாம் உறுப்பு இடம் கொடுக்கிறது. ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, ஸ்பெயின், பின்லாந்து ஆகியவை இந்தியாவை எதிர்த்தன. மற்றவை பின்னர் விலக்கிக்கொண்டன; ஜெர்மனி விலக்கிக்கொள்ளவில்லை. இந்த உடன்படிக்கைக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் இதில்தான் இருக்கிறது. பிறப்பைப் பதினெட்டு ஆண்டு கழித்துப் பதிய முடிகிற, ஊருக்கு ஊர் பதிவின் தரம் மாறுகிற நாட்டிலிருந்து வரும் தாளை ஒரு சதுரச் சீட்டை நம்பி எப்படி ஏற்பது என்று ஜெர்மன் அதிகாரி கேட்டால், அது அவமதிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கவலைக்கு ஆதாரம் உண்டு. ஆனால் அந்தக் கவலைக்கு ஜெர்மனி கண்ட தீர்வு பழைய சங்கிலியா என்று பார்க்க வேண்டும். இல்லை. இந்தியாவிலுள்ள ஜெர்மன் தூதரகங்கள் இந்திய ஆவணங்களுக்குச் சான்றொப்பமிடுவதையே நிறுத்திவிட்டன. தேவைப்படும்போது உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை நியமித்து, பதிவு அலுவலகத்துக்கே அனுப்பி, மூலப் பதிவேட்டைப் பார்த்து அறிக்கை வாங்குகிறார்கள். இதற்கு மாதங்கள் ஆகின்றன, கட்டணம் விண்ணப்பதாரர் தலையில் விழுகிறது. குடும்பத்தைப் பிரிந்து காத்திருப்பவர்களுக்கு அது பெரும் கொடுமை. ஆயினும் முறையின் தர்க்கம் நேர்மையானது. உள்ளடக்கத்தில் ஐயம் என்றால் உள்ளடக்கம் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். முத்திரைகளைக் கூட்டிப் பயனில்லை. உடன்படிக்கையை மிகக் கடுமையாக ஐயுறும் நாடே பழைய சங்கிலியையும் கைவிட்டிருப்பது, சங்கிலியின் பயனைப் பற்றிய தீர்ப்பாகவே எனக்குப் படுகிறது.

சங்கிலி நீளமாக இருந்தால் மோசடிக்காரன் அஞ்சுவான் என்ற வாதமும் உண்டு. நடைமுறை இதற்கு நேர்மாறானது. போலிப் பட்டம் தயாரிக்கத் துணிந்தவனுக்கு ரப்பர் முத்திரை தயாரிப்பது கூடுதல் சிரமமில்லை; ஆறு முத்திரைகள் என்றால் போலி செய்யத்தக்க இடங்கள் ஆறு. இதைவிட மோசமான நிலையும் உண்டு: பொய்யான தகவலை உண்மையான அதிகாரி உண்மையான கையெழுத்தோடு தந்துவிட்டால், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் குற்றமின்றி, விதிப்படி, அந்தப் பொய்யை மேலே அனுப்பும். நம் நாட்டுக்குள்ளேயே இதை ஒத்த வழக்கம் ஒன்று இருந்தது. கெஜட்டட் அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்துக்காக வேலை தேடும் இளைஞர்கள் அலைந்தார்கள். அதிகாரி அசலை ஒருமுறை பார்ப்பார் அல்லது பார்க்கமாட்டார். இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, 2014 வாக்கில் மத்திய அரசு தன் அலுவலகங்களில் அதைக் கைவிட்டுத் தற்சான்றொப்பத்தை ஏற்கச் சொன்னது. அசலைக் கடைசிக் கட்டத்தில் நேரே பார்த்துக்கொள்ளலாம் என்பதே அதன் அடிப்படை. வேலைக்கு ஆள் எடுக்கும் முறை அதனால் குலைந்துவிடவில்லை.

இன்னொரு மறுப்பு இந்தியாவுக்கே உரியது. இங்கே கல்விச் சான்றிதழுக்கு முத்திரையிடுமுன் மாநில அரசுத் துறை பல்கலைக்கழகத்திடம் உண்மைத்தன்மையைக் கேட்டு உறுதி செய்துகொள்ளும் நடைமுறை உண்டே, அது பயனுள்ள சோதனையாயிற்றே என்று கேட்கலாம். பயனுள்ளதுதான்; இந்த வேலை முழுவதிலும் உள்ளடக்கத்தைத் தொடும் ஒரே கட்டம் அதுதான். ஆகவேதான் அதைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். பல்கலைக்கழகம் பதில் சொன்ன கணத்தில் சோதனை முடிந்துவிட்டது. அதன்பின் அந்தப் பதிலின்மேல் ஏறும் ஒவ்வொரு முத்திரையும் அந்தப் பதிலுக்கு வலுச் சேர்ப்பதில்லை. உடன்படிக்கையில் சேர்ந்த பிறகும் இந்தியாவில் அப்போஸ்டிலுக்குக் கீழே உள்நாட்டுச் சங்கிலி ஒன்று அப்படியே இருக்கிறது: தனிநபர் ஆவணத்துக்கு மாநில உள்துறை, கல்வி ஆவணத்துக்குக் கல்வித்துறை, வணிக ஆவணத்துக்கு வணிகர் சங்கம், அதன் பிறகுதான் வெளியுறவு அமைச்சகம். அமைச்சகம் அப்போஸ்டிலுக்கு வாங்கும் கட்டணம் 50 ரூபாய்தான். அந்த 50 ரூபாய் முத்திரையை அடையும் வரை ஆகும் அலைச்சல்தான் ஏஜென்ட்டுகளின் வருமானம். 2019 தொடக்கம் வரை தென்கோடித் தமிழகத்தின் தாளும் டெல்லி போய்த்தான் திரும்ப வேண்டியிருந்தது. அதன் பிறகே சென்னை உட்பட 15 நகரங்களுக்கு அதிகாரம் பரவலாக்கப்பட்டது. நல்ல மாற்றம், ஆனால் மிகத் தாமதமான மாற்றம். பிறப்புச் சான்றிதழில் க்யூஆர் குறியீடு அச்சிட்டு, பதிவேட்டையே நேரடியாகக் காட்டக்கூடிய அரசு, அதே சான்றிதழுக்குத் தலைமைச் செயலகத்தில் தனியாக ஒரு முத்திரை கேட்பதற்கு இன்று காரணம் சொல்ல முடியாது.

உடன்படிக்கையில் இன்று 120-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. ஓமன் 2012-லும், பஹ்ரைன் 2013 முடிவிலும், சிங்கப்பூர் 2021-லும், சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும், சீனா 2023 நவம்பரிலும், கனடா 2024 ஜனவரியிலும் இதன்கீழ் வந்தன. தமிழர்கள் பெருந்தொகையில் வேலை செய்யும் ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், மலேசியா ஆகியவை 2024 முடிவிலும் வெளியேதான் இருந்தன. தன் எல்லைக்குள் எதை ஏற்பது என்று தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. அதில் தகராறு இல்லை. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்தும்போது பழக்கமும் பாதுகாப்பும் எப்படிக் கலந்துவிடுகின்றன என்பதற்குப் பிரான்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. 1681-ஆம் ஆண்டு ஆணைச் சட்டத்தின் அந்தப் பிரிவு 325 ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் இருந்து, 2006-ல் ஒரு சட்டத் தொகுப்புச் சீரமைப்பின்போது நீக்கப்பட்டது. சான்றொப்பத்தைக் கோருவதற்குச் சட்டமே இல்லாத நிலை. 2009 ஜூனில் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம், சட்டம் போனாலும் சர்வதேச வழக்காறாக அது தொடர்கிறது என்று தீர்ப்பளித்தது. பத்தாண்டு கழித்து நாடாளுமன்றம் அதை மீண்டும் சட்டமாக்கியது. அதே பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய ஒன்றியம், 2019 பிப்ரவரி முதல் தன் உறுப்பு நாடுகளுக்கிடையே பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றுகளுக்கு அப்போஸ்டில்கூடத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. ஐயம் வந்தால் ஒரு நாட்டு அதிகாரி மற்ற நாட்டு அதிகாரியை மின்வழியில் நேரே கேட்டுக்கொள்ளலாம். முத்திரையே இல்லாமல் நம்பவும் சரிபார்க்கவும் முடியும் என்பதை அந்த அரசுகள் தமக்குள் ஒப்புக்கொண்டுவிட்டன. சென்னையிலிருந்தும் டாக்காரிலிருந்தும் வருகிறவரிடம் மட்டும் வேறு கணக்கு.

இந்தச் சங்கிலி முறையில் ஒரு மறைமுக ஊகம் இருக்கிறது: தாளை வைத்திருப்பவரின் அரசு அவர் பக்கம் நிற்கும், கேட்டால் முத்திரை போட்டுத் தரும். ஆனால் எந்த அரசிடமிருந்து தப்பி வந்தாரோ அதே அரசின் தூதரக வாசலில் அகதி போய் நிற்க முடியாது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையை எழுதியவர்கள் இதை முன்கூட்டியே உணர்ந்திருந்தார்கள். அதன் 25-ஆம் உறுப்பு, சொந்த நாட்டு அதிகாரிகள் தர வேண்டிய ஆவணங்களை அகதி தங்கியிருக்கும் நாடே அவருக்குத் தர வேண்டும், அவை மூல ஆவணத்துக்குப் பதிலாக ஏற்கப்பட வேண்டும் என்கிறது. பிரான்ஸில் இந்தப் பொறுப்பு 1952-ல் நிறுவப்பட்ட அகதிகள் பாதுகாப்பு அலுவலகத்திடம் இருக்கிறது. போர்க்காலத்தில் இலங்கையிலிருந்து போய்ப் பாரிஸில் குடியேறி அகதித் தகுதி பெற்ற ஈழத்தமிழர்களின் பிறப்பு, திருமண ஆவணங்களை அந்த அலுவலகம் அவர்கள் தந்த விவரங்களையும் தன் கோப்பில் உள்ள தாள்களையும் வைத்து எழுதித் தருகிறது. கொழும்பின் முத்திரை அதில் இல்லை, எந்தத் தூதரகத்தின் கையெழுத்தும் இல்லை. பிரெஞ்சு மாநகராட்சிகளும் நீதிமன்றங்களும் அவற்றை முழு மதிப்புள்ள சிவில் ஆவணங்களாக ஏற்கின்றன. அவற்றைக் கொண்டு திருமணங்கள் பதிவாகின்றன, பிள்ளைகளின் குடியுரிமை தீர்மானமாகிறது, சொத்துகள் கைமாறுகின்றன. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் இந்த நடைமுறையால் பிரெஞ்சுக் குடிமைப் பதிவு சீர்குலைந்துவிட்டதாக யாரும் சொன்னதில்லை.